“சும்மா அடைச்சுக் குடுடே” என்று சொன்னது நான்தான்



ஐப்பசி நெருங்கிவிட்டது. இன்னும் சில நாளில் நம் பக்கம் மழை தொடங்கிவிடும். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு இலக்கணமும் இல்லை, அரசியலும் இல்லை. வண்டியின் கூரையில் கேரியர் மாட்டியிருக்கும் இடத்தில் பிடிக்கும் துருவைப் பற்றி எழுதப் போகிறேன்.

“சாருக்கு வேறு வேலை இல்லையா?” என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் முழுதாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மேலே பூசி மூடுவது, அதைத் திறந்தே விடுவதைவிடக் கெடுதல். அப்படி மூடிக் கொடுக்கிற பட்டறைக்காரரைத்தான் நாம் திட்டுகிறோம். பெரும்பாலும் அப்படிச் செய்யச் சொல்வது நாம்தான். என் விஷயத்தில் சொன்னது நானேதான்.

எங்கள் வண்டி 2011-ல் வாங்கியது. ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. வாங்கிய புதிதிலேயே ஒரு கடையில் கொடுத்து மேலே கேரியர் போட்டேன். குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது பாத்திரம் பண்டம் ஏற்ற வசதியாக இருக்கும் என்ற எண்ணம். அந்தக் காலத்து அம்பாசடர் கார்களில் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வடிய ஒரு காடி இருக்கும். கேரியரை அந்தக் காடியிலேயே கவ்வ வைத்து இறுக்கிவிடலாம். கூரையில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். எங்கள் வண்டியில் அந்தக் காடி கிடையாது. அதனால் கடைக்காரர் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று ஆறு இடத்தில் துளை போட்டு, ரப்பர் வைத்து, போல்ட்டு முறுக்கிக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 17, 18 பெருமழையை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மழை ஓய்ந்த பிறகு வண்டியைத் திறந்தால் முன் இருக்கையில், என் மனைவி உட்காரும் பக்கம், காலடி மிதியடி சொதசொதவென்று இருந்தது. தெருவில் தண்ணீர் நின்றதால் கதவு இடுக்கு வழியாக வந்திருக்கும் என்று நினைத்தேன். ஊரே மிதக்கும்போது ஒரு மிதியடி நனைந்தது பெரிய விஷயமா? வெயிலில் காயப் போட்டேன். மறந்தும் போனேன்.

அடுத்த வருடம் ஐப்பசியில் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. ஆனாலும் அதே இடம் நனைந்தது. முன் கண்ணாடிக்கு இடப்பக்கத் தூண் வழியாகத் தண்ணீர் இறங்குவதைக் கண்ணால் பார்த்தோம். “கண்ணாடி ஓரம்தான் போயிருக்கும்” என்று ஒருவர் சொன்னார். கண்ணாடியைச் சுற்றிப் பசை வைத்தோம். நிற்கவில்லை. அப்புறம்தான் நம் பள்ளியில் படித்த ஒரு பையனின் பட்டறைக்குப் போனேன். பெயர் சொன்னால் கூச்சப்படுவான், சொல்லவில்லை. பையன் என்கிறேன், அவனுக்கே இப்போது நாற்பது வயதுக்கு மேல். டிங்கர் வேலையில் நல்ல கைராசிக்காரன்.

அவன் ஏணி போட்டு ஏறிப் பார்த்தான். கேரியர் கால்களைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. “சார், கேரியரக் கழட்டி, உள்ள துணியையும் எறக்கிப் பாத்துரலாம்” என்றான். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். “ரெண்டு மூணு நாள் வண்டி நிக்கணும் சார்” என்றான். மறுநாள் காலையில் ஒரு கல்யாண வீடு. “அதெல்லாம் வேண்டாம்டே. இப்போதைக்குச் சும்மா அடைச்சுக் குடுடே” என்றேன். அவன் ஒரு நிமிடம் நின்றான். பிறகு ஆறு காலையும் சுற்றி சிலிக்கான் பேஸ்ட் வைத்துக் கொடுத்தான். நானூறு ரூபாய். வாங்க மாட்டேன் என்றவன் சட்டைப் பையில் நான்தான் திணித்துவிட்டு வந்தேன். தண்ணீர் நின்றது. எனக்கு மகா சந்தோஷம். மூன்று நாள் வேலையை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டோம் என்று வீட்டில் பெருமை வேறு.

இந்த வருடம் மே மாதம் என் தம்பி மகன் திருநெல்வேலிக்கு வீடு மாற்றினான். “பெரியப்பா, லோடு ஆட்டோ எதுக்கு? நம்ம வண்டிலயே ஏத்திரலாம்” என்றான். கேரியரில் ஒரு மரக் கட்டில், இரண்டு மெத்தை, அரிசி மூட்டை, கிரைண்டர் எல்லாம் ஏறியது. நிறுத்துப் பார்க்கவில்லை. நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. வல்லநாடு பாலம் தாண்டிப் போகும்போது மேலே ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கயிறு இழுபடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை. கொஞ்ச தூரம் எங்கள் பின்னாலேயே வந்தார்கள். அப்புறம் முந்திப் போய்விட்டார்கள்.

அந்த ஸ்கூட்டரை ஏன் இத்தனை நினைவாகச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

அடுத்த வருடம் வண்டிக்குப் பதினைந்து வருடம் நிறைகிறது. பதிவைப் புதுப்பிக்க எஃப்.சி. காட்ட வேண்டும். வண்டியைத் தம்பி மகனே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தான். அதற்கு முன் ஒரு முறை சரி பார்த்துவிடலாம் என்று ஆடி மாதம் அதே பட்டறைக்குக் கொண்டு போனேன். இந்த முறை அவன் என்னைக் கேட்கவில்லை. ரூஃப் லைனிங்கை இறக்கிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டான்.

உள்ளே பார்த்தேன். மேலே வெள்ளையாகப் பளபளக்கிற அதே கூரை, உள்பக்கம் காவி நிறமாக இருந்தது. இடப்பக்க நடுக்காலின் போல்ட்டை அவன் இரண்டு விரலால் பிடித்து ஆட்டினான். ஆடியது. கொஞ்சம் இழுத்தான். வாஷரும் அதைச் சுற்றி ஒரு வட்டத் தகடும் சேர்ந்து கையோடு வந்துவிட்டன. அந்தத் தகட்டை என் உள்ளங்கையில் வைத்தான். அப்பளம் மாதிரி நொறுங்கியது. இதன் மேல்தான் கட்டிலும் கிரைண்டரும் ஏற்றிக்கொண்டு நான்கு வழிச் சாலையில் போயிருக்கிறோம்.

அந்த ஸ்கூட்டர் அப்போதுதான் ஞாபகம் வந்தது. நடுவில் இருந்த குழந்தையின் சட்டை நிறம்கூட ஞாபகம் வந்தது. கை நடுங்கியது. பட்டறையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏம்டே, போன வருசமே தெரியுமா ஒனக்கு?” என்று கேட்டேன்.

“சந்தேகம் இருந்துச்சு சார். கழட்டிப் பாக்கணும்னு சொன்னேன்லா?”

“அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “சார்ட்ட எப்பிடி மறுத்துப் பேச?”

இந்தப் பதிவை எழுதக் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான். என் வகுப்பில் எதிர்த்துப் பேசினால் என்ன கிடைக்கும் என்பது உங்களில் பலருக்கும் தெரியும். அவனுக்கும் கிடைத்திருக்கிறது. நான் கற்றுக் கொடுத்த பாடத்தை அவன் முப்பது வருடம் கழித்தும் மறக்கவில்லை. அந்த மரியாதை ஒரு குழந்தையின் உயிருக்கு விலையாகியிருக்கும். நல்ல வேளை, ஆகவில்லை.

சரி, இனி பாடத்துக்கு வருவோம்.

ஏழாம், எட்டாம் வகுப்பில் ஆணி துருப்பிடிக்கும் சோதனை செய்தோமே, நினைவிருக்கிறதா? மூன்று சோதனைக் குழாய். ஒன்றில் சாதாரணத் தண்ணீரில் ஆணி. இன்னொன்றில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு. சில நாள் கழித்துப் பார்த்தால் முதல் குழாயில் மட்டும்தான் துரு. துருவுக்குத் தண்ணீரும் காற்றும் சேர்ந்து வேண்டும் என்பதுதான் பாடம். உப்புத் தண்ணீரில் போட்டால் இன்னும் வேகமாகப் பிடிக்கும். உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருக்கிற நமக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும்.

கேரியர் காலடியில் நடப்பது அந்த முதல் சோதனைக் குழாய்தான். தகட்டில் துளை போடும்போது பெயின்ட்டும் அதன் அடியில் இருக்கிற பாதுகாப்புப் பூச்சும் அறுபட்டு, துளையின் ஓரத்தில் வெறும் இரும்பு தெரிகிறது. அந்த ஓரத்துக்கு யாரும் பிரைமர் அடிப்பதில்லை. காலுக்கு அடியில் இருக்கும் ரப்பர் சில வருட வெயிலில் இறுகி வெடிக்கிறது. சுமையோடு வண்டி குலுங்கும்போது கால் லேசாக அசைந்து பெயின்ட்டைத் தேய்க்கிறது. ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையே புகுந்த தண்ணீர் லேசில் காயாது. மழை நின்று ஊரெல்லாம் காய்ந்த பிறகும் அங்கே மட்டும் ஈரம் இருந்துகொண்டே இருக்கும்.

துரு என்பது அழுக்கு மாதிரி மேலே ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கிற பொருள் இல்லை. உண்டான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அது அடைக்கும். அதனால்தான் பெயின்ட்டைக் கீழிருந்து தள்ளிக் கொப்புளமாக எழுப்புகிறது. அலுமினியத்தில் உண்டாகும் ஆக்சைடு படலம் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றும். இரும்புத் துரு அப்படிக் காப்பாற்றாது. பொடிப்பொடியாக உதிர்ந்து அடுத்த அடுக்குக்கு வழி விடும். அதனால் மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவு கொப்புளம் தெரிந்தால், அடியில் துரு அதைவிட அகலமாகப் பரவியிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதன் மேல் நான் வைக்கச் சொன்ன சிலிக்கான் என்ன செய்தது? மேலிருந்து வந்த தண்ணீரைக் கொஞ்ச காலம் நிறுத்தியது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருந்த ஈரத்தை வெளியே போக விடாமல் பூட்டியும் வைத்தது. இன்னொன்றும் உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கிற பல சிலிக்கான்களைப் பிதுக்கியதும் வினிகர் வாசனை வரும். அது அசிட்டிக் அமிலத்தின் வாசனை. உலர உலர அந்த அமிலம் வெளியே வரும். வெறும் இரும்பின் மேல் அமிலம் பட்டால் என்ன ஆகும் என்று என் மாணவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? அதோடு சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது. பின்னால் ஒழுங்காக வேலை செய்ய வருகிறவர் முதலில் அதைச் சுரண்டி எடுக்கவே பாடுபட வேண்டும். சமையலறைத் தொட்டிக்கு அது நல்ல பொருள். வண்டிக் கூரைக்கு உரியது அது இல்லை.

தண்ணீர் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் ஓட்டை என்று நினைப்பது அடுத்த தவறு. எங்கள் வீட்டு முற்றம் தெருவை நோக்கிச் சரிவு. வண்டி முன்பக்கம் தாழ்ந்துதான் நிற்கும். நடுக்காலில் புகுந்த தண்ணீர் கூரையின் உள்பக்கமாகவே முன்னால் ஓடி, தூண் வழியாக இறங்கி, என் மனைவியின் காலடியில் வந்து நின்றிருக்கிறது. அது தெரியாமல் நான் கண்ணாடிக்கு வைத்தியம் பார்த்தேன். காலில் வலி என்றால் நரம்பு முதுகில் அழுந்தியிருக்கலாம் என்று டாக்டர் சொல்வாரே, அது மாதிரி.

கண்டுபிடிக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் உள்ளே எல்லாவற்றையும் நன்றாகக் காய வைக்க வேண்டும். லைனிங்கை இறக்கிய பிறகு ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பில் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். வேகமாகப் பீய்ச்சக் கூடாது. பீய்ச்சினால் நல்ல இடத்திலும் தண்ணீர் ஏறும். கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கண்ணாடியின் அடிப்பகுதி, பிறகு அதன் ஓரங்கள், கதவு ரப்பர், கடைசியாகத்தான் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து பத்து நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எது காரணம் என்றே தெரியாது. ஆன்டெனாத் துளை, கூரைத் தகடுகள் சேரும் இணைப்பு இவற்றையும் விட்டுவிடக் கூடாது. ஏ.சி. தண்ணீர் வடிகிற குழாய் அடைத்தாலும் மிதியடி நனையும். ஆனால் அது மழை இல்லாத நாளிலும் நனையும்.

இதில் நானும் ஒரு உதவி செய்தேன். வீட்டில் இன்னும் ஒரு பெட்டி சாக்பீஸ் வைத்திருக்கிறேன். அதை நுணுக்கிப் பொடியாக்கி, கூரையின் உள்பக்கம் கால்களைச் சுற்றித் துணியில் ஒற்றித் தடவினோம். தண்ணீர் வந்த பாதை பொடியின் நடுவே கோடு போட்ட மாதிரி தெரிந்தது. ஆறு காலில் நான்கில் கசிவு. “சாரோட சாக்பீசு இன்னைக்கும் வேல செய்யுது” என்று அவன் சிரித்தான். அன்றைக்கு எனக்கு வந்த ஒரே சிரிப்பும் அதுதான்.

வேலையை அவன் செய்த முறையையும் எழுதுகிறேன். உங்கள் வண்டிக்கு யாரிடமாவது கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிய வேண்டும் அல்லவா?

கேரியரை முழுதாகக் கழற்றினான். சிலிக்கானைச் சுரண்டினான். வயர் பிரஷ், பிறகு உப்புத்தாள் போட்டு, நல்ல தகடு வெள்ளையாக மினுங்கும்வரை தேய்த்தான். துருவோடு நிறுத்தாமல் அதைச் சுற்றி இரண்டு விரல் அகலம் நல்ல பெயின்ட்டையும் சேர்த்து எடுத்தான். தகடு கெட்டியாக இருந்த இடங்களில், குழிகளுக்குள் தேய்த்தும் போகாத மிச்சத் துருவுக்கு மட்டும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி தடவினான். உதிர்கிற துருவின் மேல் அதைத் தடவிப் பயனில்லை. தகடு ஓட்டையான இரண்டு இடத்தில் கெட்டதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தான். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றினான். லைனிங்கும் இருக்கைகளும் வெளியே. வெல்டிங் பொறி பட்டால் அவை பற்றிக்கொள்ளும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓட்டையில் வலை வைத்துப் பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்தால், கண்ணுக்குப் புதுக் கூரை மாதிரி இருக்கும். பட்டி மேடு பள்ளத்தைச் சமன் செய்ய வந்த பொருள். சுமை தாங்க வந்த பொருள் இல்லை. கேரியர் கால் நிற்கிற இடத்தில் பட்டியை நம்புவது, தூண் இல்லாத இடத்தில் சுண்ணாம்பை நம்புகிற மாதிரி.

பிறகு மேலும் கீழும், முக்கியமாகத் துளையின் ஓரத்திலும், எபாக்சி பிரைமர். அது காய்ந்த பிறகு பெயின்ட். தகடு சேரும் இடங்களில் பாலியூரித்தேன் சீலன்ட். உள்பக்கத்துக்கு மெழுகு ஸ்பிரே. எல்லாம் ஆறிய பிறகு மறுபடி ஹோஸ் சோதனை. ஒரு சொட்டு வரவில்லை என்று உறுதியான பிறகே லைனிங்கை ஏற்றினான். காலடிப் பஞ்சையும் எடுத்து மூன்று நாள் வெயிலில் போட்டோம். மேல் மிதியடி காய்ந்தாலும் அடிப்பஞ்சு வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தரைத் தகடும் வயர் இணைப்புகளும் கெடுவது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. புது வண்டிகள் பலவற்றில் கூரையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும. அதில் விவரம் தெரியாதவர்கள் லைனிங்கில் கை வைக்கக் கூடாது, துளையும் போடக் கூடாது. அந்த வேலை தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கேரியரை நாங்கள் திரும்ப மாட்டவில்லை. துளைகளை வெல்டிங்கிலேயே மூடிவிட்டோம். கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள் புது ரப்பர் வாங்கி, அடியில் சீலன்ட் வைத்து, ரப்பர் நசுங்கிப் பிதுங்காத அளவுக்குப் படிப்படியாக முறுக்கச் சொல்லுங்கள். வருடம் ஒரு முறை, மழைக்கு முன் கழற்றிப் பாருங்கள். கூரையில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். சின்னக் கார்களில் பெரும்பாலும் 50 கிலோ, 75 கிலோ என்ற அளவில்தான் இருக்கும். கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வாங்கிப் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. பிள்ளைகளைப் பாடப் புத்தகம் திறக்கவில்லை என்று முட்டி போட வைத்தவன் நான்! கட்டில், பீரோ ஏற்ற ஒரு குட்டி யானையைக் கூப்பிடுங்கள். அதற்கும் ஒரு குடும்பம் பிழைக்கட்டும்.

மொத்தம் பதினெட்டாயிரம் ரூபாய் ஆயிற்று. “போன வருசமே தெறந்திருந்தா நாலாயிரத்துல முடிஞ்சிருக்கும் சார்” என்றான். இந்த முறை தயங்காமல் சொன்னான். அதற்கு நான் நன்றி சொன்னேன்.

“பழைய வண்டிக்கு எதற்கு இவ்வளவு செலவு? பேசாமல் தள்ளிவிட வேண்டியதுதானே” என்று சிலர் கேட்டார்கள். ஒரு புரோக்கர் வழியும் சொன்னார். “பட்டி பாத்து, மேல ஒரு கோட்டு அடிச்சுருங்க சார். நல்ல வெலைக்கே போகும். வாங்குறவன் கூரைக்குள்ள தலைய விட்டா பாக்கப் போறான்?” உண்மையைச் சொல்கிறேன், ஒரு ராத்திரி அந்த யோசனை என் மனதிலும் ஓடியது. வாங்கப் போவது தம்பி மகன் இல்லாமல் முகம் தெரியாத யாரோ என்றால் செய்திருப்பேனோ என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கே பிடிக்கவில்லை. முகம் தெரியாதவன் வண்டிக்குப் பின்னாலும் ஒரு ஸ்கூட்டர் வரத்தானே செய்யும்?

தம்பி மகனைக் கூப்பிட்டு, பட்டறையில் எடுத்த படங்களையெல்லாம் காட்டினேன். எங்கே ஓட்டை, எங்கே புதுத் தகடு என்று விரல் வைத்துச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் பெரியப்பா” என்றான். வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள் போல. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். வண்டி இன்னும் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நிற்கிறது. வாங்க நினைக்கிறவர்கள் கேட்டால் அதே படங்களை அனுப்புகிறேன்.

பட்டறைத் தொழில் செய்யும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. திறந்து பார்க்காமல் மூடச் சொல்லி உங்களிடம் யார் வந்தாலும், அது உங்கள் பழைய வாத்தியாராகவே இருந்தாலும், “முடியாது” என்று சொல்லுங்கள். முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். அன்றைக்குக் கோபப்படுவார். பிறகு புரிந்துகொள்வார்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்டூல் போட்டு உங்கள் வண்டியின் கூரையைப் பாருங்கள். கேரியர் காலைச் சுற்றிப் பெயின்ட் உப்பியிருக்கிறதா, காவிக் கறை வழிந்திருக்கிறதா, காலைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா என்று பாருங்கள். முன் மிதியடிக்கு அடியில் கை வைத்து அழுத்துங்கள். உள்ளே மக்கிய வாடை வருகிறதா என்று கவனியுங்கள். ஒன்று இருந்தாலும் அதன் மேல் சுமை ஏற்றாதீர்கள். பட்டறைக்குப் போய் “தெறந்து பாருப்பா, எத்தன நாள் ஆனாலும் சரி” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை நான் போன வருடமே சொல்லியிருக்க வேண்டும்.

பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எழுதாதவர்கள் பெயரைக் குறித்து வைப்பேன்!

அன்புடன்,
உங்கள் சார்